கூரையைக் கழற்றலாமா? திறந்த கார்களின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

நண்பர் ஒருவரிடம் 1960களில் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு கொண்டது. அவருடைய தாத்தா வாங்கியது. அதன் கூரையைக் கழற்றிவிட்டுத் திறந்த காராக்கி, மனைவி மகளுடன் ஒரு விடியற்காலையில் நந்தி மலைக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்ற மாதம் அதற்கான உதிரிப் பாகங்களைத் தேடிப் பெங்களூரு ஜே.சி. சாலைக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். கடையில் இருந்த மூத்த மெக்கானிக், வேலூர்ப் பக்கத்துத் தமிழர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கூரையை எடுக்கறது பெரிய வேலை இல்ல தம்பி. போல்ட்டைக் கழட்டுனா வந்துடும். எடுத்தப்புறம் பாப்பாவை எங்க உக்கார வெப்பீங்க?"

அவ்வினாவுக்கு நண்பரிடம் விடையில்லை, என்னிடமும் இல்லை. அதன்பின் சில வாரங்கள் தேடிப் படித்ததன் விளைவே இப்பதிவு. மொழியியல் படித்தவருக்குக் காரில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். எனக்கு இந்த வரலாற்றுக்குள் வழி காட்டியவை சொற்களே என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

காரின் பின்புறப் பெட்டியை நாம் 'டிக்கி' என்கிறோம். ஆங்கிலேயர் அதை 'பூட்' என்பர். அமெரிக்கர் 'ட்ரங்க்' என்பர். இந்தியாவில் அது டிக்கி. குதிரை வண்டிகளின் காலத்தில் ஏவலாள் அமர்வதற்கென வண்டிக்கு வெளியே அமைந்த இருக்கைக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். 1920களிலும் 30களிலும் வந்த இருவர் கார்களில், பின்பக்க மூடியை மேல்நோக்கித் திறந்தால் உள்ளிருந்து ஓர் இருக்கை விரியும். முதலாளியும் துணைவியும் முன்னே துணிக்கூரையின் கீழ் அமர்ந்திருக்க, வேலையாளோ வீட்டுச் சிறுவர்களோ அந்தப் பின்னிருக்கையில் வெயிலும் புழுதியும் ஏற்று வருவர். அதுவே டிக்கி இருக்கை. பிற்காலக் கார்களில் இருக்கை மறைந்து மூடியும் பள்ளமும் மட்டும் எஞ்சின; பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. இன்று பெட்டி படுக்கையை டிக்கியில் வைக்கும் எவருக்கும் அங்கே ஓர் ஆள் அமர்ந்திருந்த நினைவு இல்லை.

'ஸ்டெப்னி'யும் அத்தகையதே. தொடக்கக் காலக் கார்கள் மாற்றுச் சக்கரமின்றியே விற்கப்பட்டன. ஆணிகளும் லாடங்களும் சிதறிக் கிடந்த சாலையில் டயர் பஞ்சரானால் அங்கேயே அமர்ந்து ஒட்டவேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் அவசரத்துக்குப் பொருத்திக்கொள்ளும் மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினர். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராயிற்று. இங்கிலாந்தில் அச்சொல் வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகின்றன; நம் லாரி ஓட்டுநர்கள் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கின்றனர். 'டாஷ்போர்டு' குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேற்றைத் தடுத்த பலகை. 'பானெட்' பெண்கள் அணிந்த தொப்பி. ஆங்கிலேயரின் 'ஹூட்' மடக்கி விரிக்கும் துணிக்கூரை. இச்சொற்கள் உருவான காலத்தில் கார் என்றாலே திறந்த கார்தான்.

இங்கே மொழியியலில் 'குறியுடைமை' எனப்படும் கருத்து உதவுகிறது. எது இயல்போ அதற்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. இயல்பினின்று விலகியதற்கே அடைமொழி சேரும். கைபேசி வந்தபின் பழைய தொலைபேசிக்கு 'லேண்ட்லைன்' என்ற பெயர் தேவைப்பட்டதை நினைத்துக்கொள்ளலாம். நூறாண்டுகளுக்கு முன் கூரையுள்ள காருக்கே 'சலூன்' என்று தனிப்பெயர் வேண்டியிருந்தது. இன்று கூரையற்றதற்கு 'கன்வெர்ட்டிபிள்', 'ஓபன் கார்' என்று அடைமொழி சேர்க்கிறோம். இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தைத் துல்லியமாகவே சொல்லலாம். 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது திறந்தவை. 1929இல் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மூடியவை. பத்தே ஆண்டுகள்.

நம் பகுதியிலும் தொடக்கக் காலக் கார்கள் வண்டி கட்டும் மரபிலிருந்தே பிறந்தன. சென்னையின் சிம்சன் நிறுவனம் 1840இல் தொடங்கிய குதிரை வண்டி கட்டும் நிறுவனம். அங்கேதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். சென்னையின் புகழ்பெற்ற கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார் கார் வைத்திருந்த முதல் இந்தியராக அந்நகரில் அறியப்படுகிறார். அக்காலத்துக் கார்களில் இயந்திரமும் அடிச்சட்டமும் ஓர் இடத்தில் உருவாகும். உடல் வேறோர் இடத்தில் வண்டி கட்டும் தச்சர் கையால் மரத்தில் எழும். பாரம் முழுவதையும் கீழேயுள்ள எஃகுச் சட்டமே தாங்கியது. மேலே துணியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியின் வலிமையில் வேறுபாடு இல்லை. கூரை வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமே. நண்பரின் ஆசை இக்காலத்துக்கு உரியது. இந்தப் புள்ளியை மறக்காமல் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், பின்னர் இங்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

அந்தக் கார்களில் பயணம் எத்தகையது? முன்கண்ணாடி சாதாரணத் தட்டைக் கண்ணாடி. உடைந்தால் கத்திகளாகச் சிதறும். பிரெஞ்சு வேதியியலாளர் எத்துவார் பெனெதிக்துஸ், தம் ஆய்வகத்தில் தவறி விழுந்த குடுவை ஒன்று உடைந்தும் சிதறாமல் நின்றதைக் கண்டு, 1909இல் இரு கண்ணாடிகளுக்கிடையே மென்படலம் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது எல்லாக் கார்களுக்கும் வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. இருக்கைப் பட்டை கிடையாது. வளைவில் கதவு திறந்துகொண்டால் ஆள் வெளியே விழுவார். ஆடையும் ஆபத்தாக இருந்தது. புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் திறந்த கார் ஒன்றில் புறப்பட்டார். அவருடைய நீண்ட கழுத்துத் துகில் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அங்கேயே உயிரிழந்தார். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் புழங்கும் நம் நாட்டில் இவ்விபத்தை யாரும் தொலைதூரச் செய்தியாகக் கருத முடியாது. இருசக்கர வாகனங்களின் பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைப்பு இருக்கவேண்டும் என்று நம் மோட்டார் வாகன விதிகள் இன்றும் வலியுறுத்துவது இதே காரணத்துக்காகத்தான். 'சாரி கார்டு' இல்லாத பைக்கை வாங்கிச் செல்லும் இளைஞர்கள் இதனை அறிவரா என்பது ஐயமே.

எரிபொருளின் கதை இன்னும் விரிவானது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று வருவதற்கு முன் பெட்ரோல் தகர டின்களில் விற்றது. ஒரு டின்னில் இரண்டு காலன், அதாவது சுமார் 9 லிட்டர். நெடும்பயணம் போகிறவர் டின்களைக் காரின் பக்கவாட்டுப் படிமேல் கட்டிக்கொண்டு போவார். ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி காரில் எரிபொருள் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருந்தது. நிரப்ப வேண்டுமானால் அமர்ந்திருப்பவர் இறங்கவேண்டும். எரிபொருள் எவ்வளவு உள்ளது என்று காட்டும் முள் கிடையாது. குச்சியை விட்டு அளந்து பார்க்கவேண்டும். பம்பும் கிடையாது; தொட்டியிலிருந்து தானாக வழிந்து இயந்திரத்தை அடைய வேண்டும். செங்குத்தான மேட்டில் தொட்டி இயந்திரத்தைவிடத் தாழ்ந்துவிடும் என்பதால் ஓட்டுநர்கள் காரைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேற்றினர். இரவில் வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. கல்மேல் நீர் சொட்ட, பிறக்கும் வாயுவில் எரியும் உண்மையான சுடர். ஒருபுறம் சுடர், மறுபுறம் படியில் கட்டிய பெட்ரோல் டின்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு படிந்து பள்ளங்களை நாடும். திறந்த கார் ஓடும்போது காற்று அதனை அடித்துச் சென்றுவிடும். அதே காரைக் கொட்டகையில் நிறுத்திக் கதவைச் சாத்தினால் ஆவி தேங்கும். எனவே கொட்டகைக்குள் எரிபொருள் நிரப்புவதும், விளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைவதும் தொடக்கத்திலிருந்தே ஓட்டுநர்கள் அஞ்சியவை. இன்றும் பழைய காருக்குக் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து வீட்டில் வைத்திருப்போர் உண்டு. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் எழுதப்பட்டதன் பின்னணியை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருந்தது. இந்நகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று சென்னையைவிட மெலிந்தது. கார்புரேட்டர் உள்ள பழைய இயந்திரத்தைச் சென்னையில் சரியாகத் திருகி வைத்துப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால், காற்று குறைவதால் கலவையில் பெட்ரோலின் விகிதம் சற்றே மிகும். புகை கறுக்கும், மைலேஜ் குறையும். 'சோக்'கை இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ள மறந்தாலும் இதே கதி; அத்துடன், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவித் தேய்மானத்தைக் கூட்டும். மலையேறி வரும் கார்களுக்குக் கலவையைத் திருத்தித் தருவது இவ்வூர் மெக்கானிக்குகளின் அன்றாட வேலையாக இருந்தது. கணினி கட்டுப்படுத்தும் இன்றைய இயந்திரங்களில் இது தானே நடந்துவிடுகிறது. நண்பரின் ஹெரால்டில் நடப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர் எரிபொருளைச் சொந்தச் செலவுக் கணக்கிலிருந்து நாட்டின் கணக்குக்கு மாற்றியது. இந்தியாவுக்கு எண்ணெய் தந்த முதன்மையான இடங்களுள் ஒன்று பர்மா. 1941இலேயே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, 'கூப்பன்' என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அடுத்த மாதம் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய ஆங்கிலேயரே தகர்த்தனர். அதே மாதங்களில் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பிய பர்மாத் தமிழர்களின் துயரத்தை நம் இலக்கியம் ஓரளவு பதிவுசெய்துள்ளது. அவர்கள் நடந்துவந்த அதே வீழ்ச்சியால்தான் இங்கே கார்கள் நின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தவர் குறைவு.

அப்போது வந்தது கரிவாயு. மூடிய கலனில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, எழும் வாயுவைக் குளிர்வித்து, தூசு வடிகட்டி இயந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோல் இன்றி வண்டி ஓடும். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் இத்தகைய கலன்களைத் தயாரித்தது. பேருந்துகளிலும் லாரிகளிலும் அவை தொங்கின. கார்களில் பெரும்பாலும் பின்புறத்தில், டிக்கி இருந்த இடத்தில் பொருத்தப்பட்டன. ஏவலாள் அமர்ந்த இடத்தில் இப்போது அடுப்பு. இயந்திரத்தின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. மேட்டில் வண்டி திணறும். நாள்தோறும் சாம்பல் அள்ளி, வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யவேண்டும்.

அதில் உயிராபத்தும் இருந்தது. கரிவாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கார்பன் மோனாக்சைடு. மணமோ நிறமோ இல்லாத நஞ்சு அது. வண்டி ஓடும்போது இயந்திரம் உறிஞ்சிக்கொள்வதால் கசிவு குறைவு. கலனை மூட்டும்போதும் வண்டி நின்றபின் கரி கனன்றுகொண்டிருக்கும்போதும் வாயு வெளியேறும். எனவே கொட்டகைக்குள் மூட்டக் கூடாது, மூட்டிய வண்டிக்குள் உறங்கக் கூடாது என்பன அக்கால ஓட்டுநர்கள் கட்டாயம் கற்ற பாடங்கள். திறந்த கார் வைத்திருந்தவர்களுக்கு இவ்வொரு வகையில் நற்பேறு வாய்த்தது. நஞ்சு தேங்க அங்கே இடமில்லை. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் 1980களில் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தா குழுவினர் மரவாயு உலைகளை மீண்டும் ஆராய்ந்து மேம்படுத்தியபோது, கைவிடப்பட்ட இந்தத் தொழில்நுட்பம் ஊரக மின்னாக்கத்துக்காகப் புத்துயிர் பெற்றது. அது தனிக்கட்டுரைக்கு உரியது.

இனிக் கூரைக்குத் திரும்புவோம். 1920களில் கார்கள் மூடத் தொடங்கியபோதும் கூரையின் நடுப்பகுதி நெடுங்காலம் துணியாகவே இருந்தது. அவ்வளவு அகலமான எஃகுத் தகட்டை ஒரே துண்டாக உருட்டி அழுத்த அன்றைய ஆலைகளால் இயலவில்லை. 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1934இல், பிரான்சின் சித்ரோயென் நிறுவனம் அடிச்சட்டத்தையே நீக்கிவிட்டு, தரை, பக்கங்கள், தூண்கள், கூரை யாவும் இணைந்து பாரம் தாங்கும் உடலமைப்பைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூரை நிழல் தரும் பொருளாக இருந்த காலம் அங்கே முடிந்தது எனலாம், அது எலும்பாயிற்று. நம் வீடுகளில் சுவர் கூரையைத் தாங்குகிறது. இத்தகைய காரில் சுவர்கள் நிமிர்ந்து நிற்பதற்குக் கூரையும் பொறுப்பு. 'கூரை' என்ற சொல்லோ நமக்கு ஓலையையும் ஓட்டையும் நினைவூட்டுவது. இம்மாற்றத்தை அது மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

நம்முடைய அம்பாசிடர் இந்த வகையைச் சேர்ந்தது. ஊர்வலங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் கூரையை அறுத்தெடுத்த கார்களைப் பலரும் கண்டிருப்போம். அறுத்த சில நாளில் கதவு சரியாகச் சாத்தாது. தரை நடுவில் தொய்யும். மோதலில் முன்பக்கம் மடங்குவதற்குத் தடையிராது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை இவ்வாறு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. ஆலையிலேயே திறந்த காராக உருவாவது வேறு. அங்கே இழந்த கூரையின் வலிமையைத் தரையிலும் கதவடிப் பகுதியிலும் முன்கண்ணாடிச் சட்டத்திலும் கூடுதல் எஃகாகச் சேர்க்கின்றனர். அதனால்தான் கூரையற்ற கார் அதே வகைக் கூரையுள்ள காரைவிடப் பெரும்பாலும் கனமானது. கூடும் ஒவ்வொரு கிலோவையும் ஒவ்வொரு சிக்னலிலும் மீண்டும் நகர்த்தப் பெட்ரோல் செலவாகிறது. பாதுகாப்பும் எரிபொருளும் இரு தனிக் கணக்குகள் எனத் தோன்றினாலும் கூரை இரண்டிலும் பற்று எழுதிவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த மேற்பகுதி காற்றைக் குழப்பி மேலும் எரிபொருள் கேட்கும். நகர வேகத்தில் அவ்வேறுபாடு சிறிது. பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978இல் அமைந்ததிலிருந்து சொல்லிவரும் அறிவுரைகளுள், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் என்பது திறந்த காருக்குக் கூரையுள்ள காரைவிடவும் பொருந்தும்.

கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1965இல் போர்ஷே நிறுவனம் டார்கா என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. இருக்கைகளுக்குப் பின்னே நிலையான எஃகு வளைவு, நடுக்கூரையை மட்டும் கழற்றலாம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு கூரை வலிமைக்கு விதி வகுத்து, மடிப்புக்கூரைக் கார்களுக்கு விலக்கும் அளித்தது. ஆயினும் இன்னும் கடுமையான விதி வரும் என்ற அச்சத்தாலும், குறைந்துவந்த விற்பனையாலும் தயாரிப்பாளர்களே பின்வாங்கினர். 1976இல் காடிலாக் எல்டராடோவை அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்றே விளம்பரம் செய்து விற்றனர் (சில ஆண்டுகளில் திறந்த கார்கள் திரும்ப வந்தபோது, 'கடைசி' என நம்பி வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் வருந்தினர்). 1989இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். காரில் கவிழ்தலை உணர்ந்து நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் தானே எழும் வளைவு வந்தது. இவையெல்லாம் பயன் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆள் இருக்கையில் இருக்கவேண்டும். 1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனைப் பட்டை இல்லையேல், வளைவு காக்கும் வெற்றிடத்தில் ஆளே இருக்கமாட்டார். மோதலில் வெளியே எறியப்பட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் உலவுகிறது. அது மர உடலும் பெட்ரோல் டின்னுமாகக் கார்கள் தீப்பற்றிய காலத்தின் எச்சம் என நான் ஊகிக்கிறேன். திறந்த காரில் அந்நம்பிக்கை மிகக் கொடியது.

இந்தியாவில் திறந்த கார் முற்றிலும் மறையவில்லை. ஜீப் வடிவில் வனத்துறையிலும் காவல்துறையிலும் தேர்தல் மேடையாகவும் வாழ்ந்தது. 'திறந்த ஜீப்பில் வாக்குச் சேகரித்தார்' என்பது தமிழ்ச் செய்தித்தாள்களின் நிலைத்த தொடர். 1990களின் இறுதியில், ரயில் எஞ்சின்கள் செய்யும் பெங்களூரின் சான் குழுமம் 'சான் ஸ்டார்ம்' என்ற இருவர் திறந்த காரைக் கொண்டுவந்தது. ஃபைபர் உடல், ரெனோவின் 1,149 சி.சி. இயந்திரம். வெகு சிலவே விற்றன. இன்று ஒன்றைச் சாலையில் காண்பது அரிது. 2020இல் வந்த மகிந்திரா தாரில் துணிக்கூரை வகையும் இருந்தது. உள்ளேயே எஃகுக் கூடு பொருத்தியுள்ளனர். தார் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. பட்டை அணியாத தலைக்கு அந்தக் கூட்டின் குழாய்களும் ஆபத்தே.

ஆனால் இன்று நம் நகரில் திறந்த காரின் உண்மையான வாரிசு 'சன்ரூஃப்'. 2025 செப்டம்பரில் பெங்களூரில், ஓடும் காரின் சன்ரூஃப் வழியே நின்றுகொண்டு வந்த சிறுவன் ஒருவன், சாலையின் குறுக்கே இருந்த உயரத் தடுப்புக் கம்பியில் தலை மோதிச் சரிந்த காணொளி பலரையும் உலுக்கியது. அதனைக் கண்டபோது எனக்கு டிக்கி இருக்கையே நினைவுக்கு வந்தது. நூறாண்டுக்கு முன் குழந்தைகளை வெளியே அமரவைத்தோம், வேறு இடமில்லை என்பதால். இன்று உள்ளே இடமிருந்தும், இருக்கைப் பட்டை இருந்தும், பட்டை அணியாத குழந்தைக்கு 1,000 ரூபாய் அபராதம் என்ற சட்டம் இருந்தும், வெளியே நிற்கவைக்கிறோம்.

நண்பரின் ஹெரால்டுக்கு வருவோம். அது அடிச்சட்டம் தனியாக உள்ள கார். கூரை போல்ட்டால் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தில் அதன் திறந்த வடிவமும் விற்றது. எனவே அம்பாசிடரைப் போல அது தொய்ந்துவிடாது. முன்னர் மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்ன பழைய காலத்துக் கட்டுமானம் அதில் ஓரளவு எஞ்சியிருக்கிறது. ஆயினும் கவிழ்ந்தால் காக்கும் வளைவு அதில் இல்லை. பட்டையும் இல்லை. மேலும் அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சில் அமைந்தவை. வளைவில் வேகமாகச் சென்று திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் உள்நோக்கி மடிந்து பின்பக்கம் தூக்கும். 1972இல் ஸ்டாண்டர்ட் நிறுவனம் கெஸல் காரைக் கொண்டுவந்தபோது அந்த அச்சைக் கைவிட்டு முழு அச்சுக்கு மாறியது. நந்தி மலைப் பாதையில் எத்தனை வளைவுகள் என்பது அங்கே சென்றவர்களுக்குத் தெரியும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. வால்வு இருக்கைகளுக்கு ஈயத்தை மெத்தையாக நம்பிய பழைய இயந்திரங்களுக்கு அது முதல் அடி. 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில் இ20 பெட்ரோல், அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, விற்பனைக்கு அறிமுகமாயிற்று. கரும்பிலிருந்து வரும் சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கும் எண்ணம் புதிதன்று. 1948இலேயே இந்திய ஆற்றல் சாராயச் சட்டம் இயற்றப்பட்டது. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்றே குறையும். பழைய காருக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறு. எத்தனால் பழைய இயற்கை ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் இளக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றிருக்கும் காரின் தொட்டியில் நீர் பிரிந்து அடியில் தங்கித் துருப்பிடிக்கும். குழாய் வெடித்துச் சூடான இயந்திரத்தின்மேல் கசிந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஞாயிறு மீண்டும் ஜே.சி. சாலைக்குச் சென்றோம். மெக்கானிக் ஹெரால்டின் தொட்டியிலிருந்து பழைய பெட்ரோலை வடித்து, அடியில் தேங்கிய நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக் காட்டினார். வடிப்பதற்கு முன் எதிர்க்கடையில் வெல்டிங் நடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வரத் தவறவில்லை. நண்பர் இரண்டு மீட்டர் எரிபொருள் குழாய் வாங்கினார், எத்தனாலைத் தாங்கும் வகை. பின்னர் அடிச்சட்டத்தோடு பிணைத்து இருக்கைப் பட்டை பொருத்த முடியுமா என்று கேட்டார். முன்னிருக்கைக்கு முடியும், பின்னால் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார் அவர். கூரை இன்னும் காரின்மேல்தான் இருக்கிறது.